பேர் ஒண்ணு, சரக்கு வேற!

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் மாதச் சம்பளம் வாங்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. காலேஜ் சேரும் மகன் கேமிங் லேப்டாப் கேட்கிறானா? ‘படிக்கவும் ஆச்சு, விளையாடவும் ஆச்சு சார்’ என்று கடைக்காரர் தவணைப் படிவத்தை நீட்டுவார். கையெழுத்துப் போடாதீர்கள்!

நான் படித்தது பி.காம். கொடுத்த காசுக்கு என்ன வந்தது என்ற கணக்குதான் தெரியும். 2023-ல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4070-ஐயே பாருங்கள். டெஸ்க்டாப் கார்டில் 5,888 கோர்கள், 12 ஜி.பி. மெமரி, 200 வாட். லேப்டாப்பில் அதே பெயருக்கு 4,608 கோர்கள், 8 ஜி.பி. வாட்டோ 35 முதல் 115 வரை... லேப்டாப் கம்பெனி வைத்ததுதான் அளவு. பொன்னி என்று எழுதிய மூட்டைக்குள் ரேஷன் அரிசி இருந்தால் சும்மா விடுவோமா?

சூடேறினால் லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓட்டினால் இன்னும் குறையும். ஆகவே கேம் ஆட ப்ளக்கில் சொருகியே வைக்கணும். அப்புறம் எதற்கு லேப்டாப்? டெஸ்க்டாப்பில் பின்னாளில் கார்டை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் அது பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்தது. போனால் போர்டே போச்சு.

ஹாஸ்டல் பிள்ளைக்கு, தினமும் தூக்கிக்கொண்டு போயாக வேண்டிய பிள்ளைக்கு லேப்டாப் வேண்டும்தான். டெஸ்க்டாப்புக்கு மானிட்டர், யு.பி.எஸ். செலவு தனி என்பதும் நிஜம். அதையும் கூட்டித்தான் சொல்கிறேன்: வீட்டு மேஜையை விட்டு நகராத மெஷினுக்கு டெஸ்க்டாப்பே சரி.

இல்லை, லேப்டாப்தான் என்றால், எத்தனை வாட், எத்தனை கோர் என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். எழுத மறுக்கிற கடையில் உங்களுக்கு என்ன வேலை?