மௌனம் அமைதி ஆகுமா?



சென்ற தை மாதத்தில் நமது கடற்கரைப் பங்கு ஒன்றில் திருமணம் செய்துகொண்ட இளந்தம்பதியர் சில நாட்களுக்கு முன் நம்மைக் காண வந்திருந்தனர். மணமகன் தூத்துக்குடித் துறைமுகத்தை அண்டிய ஒரு நிறுவனத்தில் கணக்கர், மணமகள் ஆசிரியை. தேனிலவுக்கு அந்தமான் சென்று திரும்பியிருந்தார்கள். அங்கே தாங்கள் கண்ட எரிமலைத் தீவைப் பற்றி உற்சாகத்தோடு பேசத் தொடங்கியவர்கள், பேச்சின் நடுவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சற்றே தயங்கினர். பிறகு அந்தப் பயணத்தில் நேர்ந்த ஒரு மனத்தாங்கலையும் மறைக்காமல் கூறினர். புதிதாய் இல்லறம் தொடங்கும் பிறருக்குப் பயன்படட்டும் என்று அவர்களே இசைவளித்ததால், ஊரும் பெயரும் நீக்கி அதனை இங்கே எழுதுகிறோம்.

அந்தமானின் தலைநகரை நாம் போர்ட் பிளேயர் என்றே அறிவோம். 2024-ஆம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், மனிதர் வாழாத பாரன் தீவு உள்ளது. இந்திய நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை இது ஒன்றே. குறுக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலம். கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 350 மீட்டர் உயரம். ஆனால் நாம் காண்பது மலையின் உச்சி மட்டுமே. அதன் அடிவாரம் 2000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கடலின் தரையில் ஊன்றி நிற்கிறது. பூமியின் மேலோட்டுப் பாளங்களில் ஒன்று மற்றொன்றின் கீழே புதையுண்டு செல்லும் இடம் அது. ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு வழி தேடி மேலே வந்து, அடுக்கடுக்காய் உறைந்து தீவாயிற்று.

நமது தம்பதியர் கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி அதனைக் கண்டனர். கருஞ்சாம்பல் படிந்த சரிவுகள்; உச்சியில் மெல்லிய புகை. அருகில் நின்ற கப்பல் பணியாளர் ஒருவர் அத்தீவின் வரலாற்றைச் சொன்னாராம். 1787-ஆம் ஆண்டில் அது நெருப்பைக் கக்கியதாய்ப் பதிவு உண்டு. 1832-க்குப் பிறகு அடங்கிப்போயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது பெரிதாய்ச் சீறவில்லை. ஆனால் 1991-ஆம் ஆண்டில் மீண்டும் வெடித்துத் தீக்குழம்பைக் கடலுக்குள் பாய்ச்சியது. அதன்பின் பலமுறை சீறிவிட்டது.

“மலை பேசாமல் இருந்தது; ஆனால் ஆறியிருக்கவில்லை” என்றாராம் அந்தப் பணியாளர்.

அந்தச் சொல் அவ்விளம்பெண்ணின் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் அவரும் மூன்று நாட்களாகப் பேசாமல் இருந்தார்.

காரணம் இதுதான். பயணத்தின் முதல் நாளே கணவனின் கைப்பேசிக்கு வந்த அழைப்பொன்றைத் தற்செயலாகக் கேட்க நேர்ந்தது. தேனிலவுச் செலவுக்காக அவர் தனியார் ஒருவரிடம் எண்பதாயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தார். மனைவியிடமோ பெற்றோரிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவி சண்டையிடவில்லை, அழவுமில்லை. சிரித்த முகத்தோடு படம் எடுத்துக்கொண்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கணவனோ அவர் அறியவில்லை என்றெண்ணி, எல்லாம் நலமே என்று மகிழ்ந்திருந்தார்.

அன்று கப்பலிலேயே அவர் வாய் திறந்தார். “எனக்குத் தெரியும். ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டார். கணவன் தலைகுனிந்து, “அந்தமான் அழைத்துப் போகாவிட்டால் உங்கள் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று பயந்துவிட்டேன்” என்றார். மனைவிக்குச் சினம் தணியவில்லை. கடனைவிட, தன்னை அயலாராய் நினைத்ததே வலித்தது என்றார். இருவரும் அன்றிரவு நெடுநேரம் பேசினார்கள். இருவரும் அழுதார்கள் என்றும் நம்மிடம் நாணத்தோடு ஒப்புக்கொண்டனர்.

ஊர் திரும்பியதும் இருவருமாய்ச் சென்று மணமகளின் தாத்தாவிடம் நடந்ததைக் கூறினர். எண்பது வயதைக் கடந்த அப்பெரியவர், 1961-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பில் படகில் கயிறு பிடித்தவர். நமது கரையில் அத்தகைய முத்துக்குளிப்பு பின்னர் நடைபெறவில்லை என்பதை வாசகர் அறிவர். அவர் கடன் வாங்கியதற்காகப் பேரனைக் கடியவில்லை. வேறொன்றைச் சொன்னார்:

“கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவன் கீழே போவான். மேலே இருக்கிறவன் கையில் கயிறு இருக்கும். கீழே என்ன நடக்கிறது என்று மேலே இருக்கிறவனுக்குத் தெரியாது. மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால்தான் அவன் இழுப்பான். வெட்கப்பட்டுக்கொண்டு அசைக்காமல் இருந்தால், கயிறு பிடித்தவன் என்ன செய்வான், பிள்ளைகளே?”

வாசகர்களே, இதைவிடச் சிறந்த திருமணப் பிரசங்கம் ஒன்றை நாம் கேட்டதில்லை. மூச்சடக்கி மூழ்குகிறவனுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே வாழ்வு. அந்த ஒரு நிமிடம் முழுவதும் அவன் உயிர் மற்றொருவர் கையில் இருக்கிறது. திருமணப் பீடத்தின் முன் இருவர் கைகோத்து வாக்களிக்கும்போது, ஒருவர் கயிற்றை மற்றவர் கையில் ஒப்படைக்கிறார் என்பதே பொருள். ஒப்படைத்த பின்னர், கீழே மூச்சு முட்டும்போது அசைக்க மறுப்பது பெருமையன்று, நம்பிக்கையின்மை.

‘எங்கள் வீட்டில் சண்டையே இல்லை’ என்று பெருமையாய்ச் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவற்றுள் சில உண்மையிலேயே சமாதானக் குடும்பங்கள். வேறு சிலவோ பாரன் தீவைப் போன்றவை. மேலே பேச்சில்லை, உள்ளே ஆறவில்லை. இருபது ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்த ஒரு சொல், மகளின் திருமணப் பேச்சில் வெடிப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

வெடிக்காமலே அழிகிற இல்லறங்களும் உண்டு. அதற்கு உவமை தேடி அந்தமான் போக வேண்டியதில்லை. நமது கரைக்கு எதிரே கிடக்கும் வான் தீவு முதலிய தீவுகள் எரிமலையில் பிறந்தவை அல்ல. பவளப் பூச்சிகள் தலைமுறை தலைமுறையாய்க் கட்டிய பாறைகளின் காவலில், மணல் சேர்ந்து உருவானவை. சுண்ணாம்புக்காக அப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தோம். ஒருநாளும் பேரொலி கேட்கவில்லை. ஆனால் விலங்குசல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. 1986-இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர் பரப்பிருந்த வான் தீவு, 2014-இல் சுமார் 2 ஹெக்டேராய்ச் சுருங்கிற்று. 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காத்து வருகிறார்கள். நாள்தோறும் ஒரு சிறு பொய், ஒரு சிறு மறைப்பு என்று எடுத்துக்கொண்டே போனால், காவல் பாறை கரைந்தபின் அலையைக் குறை சொல்லி என்ன பயன்?

பெற்றோருக்கும் ஒரு சொல். அந்த இளைஞரைக் கடனாளி ஆக்கியது ஆடம்பர ஆசை அன்று. உறவினர் வாய்க்கு அஞ்சிய அச்சம். ‘அவர்கள் கேரளா போனார்கள், இவர்கள் சிங்கப்பூர் போனார்கள்’ என்று பந்தியில் நாம் பேசும் பேச்சு எங்கே போய் விழுகிறது என்று எண்ணிப் பார்ப்போமா? கோவிலில் கலியாண ஓலையை மூன்று முறை வாசிக்கிறார்கள். கடன் ஓலையை எவரும் வாசிப்பதில்லை. இளந்தம்பதியர் சில நாட்கள் தனித்திருந்து ஒருவரையொருவர் அறிந்துகொள்வது நல்லதே. அதற்கு மணப்பாட்டுக் குன்றும் போதும். வசதியிருந்தால் அந்தமானும் தகும். வட்டிக்கு வாங்கிய தேனிலவு மட்டும் தகாது.

அத்தம்பதியர் மணமகளின் இரண்டு வளையல்களை வங்கியில் அடகு வைத்துத் தனியார் கடனைத் தீர்த்துவிட்டார்கள். வளையலைக் கழற்றிக் கொடுத்தவர் மனைவி. மீட்டுத் தரும் பொறுப்பை ஏற்றவர் கணவன். ஒரு கணக்கு நோட்டும் வாங்கியிருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இருவரும் அமர்ந்து வாரக் கணக்கை எழுதுகிறார்கள். கணக்கு முடிந்தபின், அவ்வாரத்தில் மனத்தில் தைத்தது ஏதேனும் உண்டா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். சில வாரங்களில் அந்தப் பேச்சு கணக்கைவிட நீண்டுவிடுகிறதாம்!

சூரியன் மறையுமுன் சினம் தணிய வேண்டும் என்று எபேசு நகரத்தாருக்குப் புனித பவுல் அறிவுரை எழுதினார். சினம் தானாய்த் தணியாது, சொன்னால்தான் தணியும். மென்மையாய்ச் சொல்லுங்கள், பிள்ளைகள் உறங்கியபின் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். இன்றிரவு உங்கள் கையிலுள்ள கயிற்றை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். மேலே பிடித்திருப்பவர் காத்திருக்கிறார்.