வீடும் நாணயமும்

1976-ஆம் ஆண்டு, நெருக்கடி நிலையின்போது, ஜனதா காலனி மக்கள் அகற்றப்பட்டுச் சீத்தா கேம்பில் குடியேற்றப்பட்டனர். அவர்களுள் தமிழர் ஏராளம். "காலி செய்" என்று எவரும் சொல்ல முடியாத, பத்திரமுள்ள வீடு வேண்டும் என்ற ஏக்கம் அந்தக் குடும்பங்களில் இன்றும் தீரவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது பன்வெல், அம்பர்நாத் பக்கம் வீடு பார்க்கிறார்கள். முன்பணம் சேர்ந்தும் வங்கியில் சிலருக்குத் தடை விழுகிறது. கணவனின் சிபில் மதிப்பெண் போதவில்லையாம்!

இவர்களில் பலர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தங்கை திருமணத்துக்கு வாங்கிய கடன், நண்பனுக்குப் போட்ட ஜாமீன், 2020 ஊரடங்கில் நின்றுபோன தவணை எனக் காரணங்கள் பல. பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளிக் கணக்கை 'செட்டில்மெண்ட்' செய்தவர், கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கிறார். ஏட்டில் அது முழுதும் அடைத்த கடனாக ஏறுவதில்லை.

ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. தாலி கட்டியதால் கடன் கணக்கு ஒன்றாகிவிடுவதில்லை. 300 முதல் 900 வரையுள்ள அந்த மதிப்பெண் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் வங்கி இருவருடைய ஏட்டையும் புரட்டும். ஒருவரின் குறை மற்றவரையும் பாதிக்கும். மனைவிக்குச் சொந்த வருமானமும் நல்ல மதிப்பெண்ணும் இருந்தால், அவர் தனியாகவே கடன் கேட்கலாம். அவர் வருமானம் மட்டுமே கணக்கில் வருவதால் தொகை குறையும். சிறிய வீடாகப் பார்க்க வேண்டும். பத்திரத்தில் பெயருள்ளவர் கடனிலும் சேர வேண்டும் என்பது வங்கிகளின் பொது வழக்கம். ஆகவே வீடும் மனைவி பெயரில்தான் அமையும். பெண் பெயரில் மட்டும் பதிவாகும் வீட்டுக்கு 2021 ஏப்ரல் முதல் மகாராஷ்டிர அரசு முத்திரைத் தீர்வையில் 1 சதவீதச் சலுகையும் அளித்தது.

"பெண்டாட்டி பெயரில் வீடா?" என்று மீசையை முறுக்குவோர் உண்டு. கந்துவட்டிக்காரனிடம் கை கட்டி நிற்பதைவிடவா இது இழுக்கு? மனைவியின் பெயரில் மகளிர் குழுக் கடன் வாங்கிச் செலவழிக்கும்போது வராத ரோஷம், வீடு வாங்கும்போது மட்டும் வருவானேன்? அந்தக் குழுக் கடனும் ஏட்டில் ஏறுகிறது. அதன் தவணையை நிறுத்தும் கணவன், குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நல்ல பெயரையும் கெடுக்கிறான்.

கணவனின் கணக்கையும் சீராக்கலாம். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தவறு இருந்தால் எழுத்துமூலம் முறையிட வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற 2024 முதல் வழியுண்டு. பழைய பாக்கியை அடைத்து, 'பாக்கி இல்லை' சான்று வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பணம் கொடுத்தால் மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாகச் சொல்லும் தரகரை நம்பக் கூடாது.

முன்பணம் கொடுத்த பிறகு ஏட்டைப் பார்த்துக் கலங்குவதில் பயனில்லை. வீடு தேடும் முன்பே, கணவனும் மனைவியும் தங்கள் கடன்களை ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும். சொந்த வீட்டுக்கு அதுவே அஸ்திவாரம்.