அந்த ‘ஆனால்’

ஊனமுற்ற பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் பயில வேண்டும் என்று மேடையில் ஒருவர் முழங்கட்டும். ஆசிரியப் பெருமக்கள் கைதட்டி வரவேற்பர். “நாளை உங்கள் வகுப்பிலேயே அத்தகைய பிள்ளை ஒன்று சேர்கிறது” என்று அவரே தொடரட்டும், கைதட்டல் அடங்கிவிடும். “கொள்கையளவில் உடன்பாடே, ஆனால்...” என்பார்கள். அந்த ‘ஆனால்’ பற்றியே இங்குப் பேச வேண்டியிருக்கிறது.

இது நம் நாட்டு ஆசிரியர்க்கே உரிய குணமன்று. ஸ்க்ரக்ஸ், மாஸ்ட்ரோபியெரி என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், 1958 முதல் 1995 வரை பல்லாயிரம் ஆசிரியரிடம் நடத்தப்பெற்ற கருத்தாய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றில் இருவர் கொள்கையை ஆதரித்தனர். அதற்கு வேண்டிய நேரமும் பயிற்சியும் வசதியும் தமக்கு உண்டென்றவரோ மூன்றில் ஒருவர்க்கு மேற்படவில்லை. நடக்க இயலாத பிள்ளையை ஏற்கும் மனம், அடங்கி அமராத பிள்ளையை ஏற்கத் தயங்குகிறது என்பதையும் பிற ஆய்வுகள் காட்டின. சக்கர நாற்காலி பாடத்திற்கு இடையூறு செய்வதில்லை அல்லவா!

ஆசிரியர் கூறும் குறை பொய்யன்று. இரண்டே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் சுமக்கும் சிற்றூர்ப் பள்ளிகள் இன்றும் உள்ளன. சைகை மொழி அறியாத ஆசிரியர், செவி கேளாத பிள்ளைக்கு எதைக் கற்பிப்பார்? பதிவேட்டில் பெயர் இருக்கும். பிள்ளை மூலையில் அமர்ந்து ஆண்டு முழுதும் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும், எழுதுவது இன்னதென்று அறியாமலே.

ஆயினும், “எனக்குப் பயிற்சியில்லை, பயிற்சி தருக” என்பது நியாயம். “எனக்குப் பயிற்சியில்லை, பிள்ளை வேறிடம் போகட்டும்” என்பது எந்த ஊர் நியாயம்? சிறப்புப் பள்ளிதான் அதற்கு நல்லது என்று அன்பொழுகச் சொல்வாருண்டு. சில பிள்ளைகளுக்கு நல்லதாகவும் இருக்கலாம். ஆனால், 40 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனமுடைய 6 முதல் 18 வயதுப் பிள்ளை, அண்மைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலலாம் என்று கூறும் 2016ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டில் எது என்னும் தேர்வைப் பிள்ளைக்கே விட்டிருக்கிறது, தலைமையாசிரியருக்கன்று. சிறப்புப் பள்ளியோ பெரும்பாலும் நகரத்தில். முப்பது கல் தொலைவிலுள்ள ஏழைப் பிள்ளையிடம் “அங்கே போ” என்பது, “வீட்டில் இரு” என்பதே. பெண்பிள்ளையானால் ஐயமே வேண்டா.

சிறப்பாசிரியர் நியமனம் குறித்து 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடக்க நிலையில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவர், நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று 2022இல் மத்திய அரசு அளவு வகுத்தது. பணியிடங்களை அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. ஊதியத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் வீதியில் இறங்கும் வலிமை படைத்த ஆசிரியர் சங்கங்கள் (இறங்குவதை நாம் குறை கூறவில்லை) இந்தப் பணியிடங்களைத் தம் கோரிக்கைகளில் எத்தனையாவது இடத்தில் வைத்திருக்கின்றன? அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களை அச்சுக்குக் கொடுக்குமுன் பார்த்துச் சொல்லட்டும்.