70 வருஷப் பாட்டுக்கு டெக்சாஸ் இன்னும் ஏன் ஆடுகிறது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் இருக்கும் 'புரோக்கன் ஸ்போக்' நடனக்கூடம் 1964-ல் திறக்கப்பட்டது. இப்போது அதைச் சுற்றி அடுக்குமாடிக் கட்டடங்கள். உள்ளே மட்டும் அதே ஃபிடில், அதே ஸ்டீல் கிட்டார், ஜோடி ஜோடியாக 'டூ ஸ்டெப்' நடனம். தாத்தாக்களும் இருபது வயசுக்காரர்களும் ஒரே தளத்தில் ஆடுகிறார்கள்.

இதைச் சும்மா 'பழைய நினைப்பு' என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பழைய நினைப்புக்கு வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்டாலே போதுமே! பழைய கன்ட்ரி இசையில் பெரும்பகுதி ஆடுவதற்கென்றே உருவானது. அந்த வேலையை இன்றும் சரியாகச் செய்கிறது, அதனால்தான் நிற்கிறது.

1956-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கும் எல்விஸ் பிரெஸ்லி அலை. அந்த நேரத்தில் ரே பிரைஸ் பாடிய 'கிரேஸி ஆர்ம்ஸ்', கன்ட்ரி தரவரிசையில் 20 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதுவரை கன்ட்ரி பாட்டில் பேஸ் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டுதான். இதில் நான்கு, ஒருவர் நிதானமாக நடந்துபோகிற மாதிரி. இதுதான் 'ஷஃபிள்'. டூ ஸ்டெப்பில் இரண்டு வேக அடி, இரண்டு மெதுவான அடி. பேஸ் இவ்வளவு தெளிவாக விழுந்தால், நேற்று கற்றுக்கொண்டவர்கூடத் தடுமாறாமல் தளத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

வாசிப்பவர்களுக்கு ஈர்ப்பு வேறு. நிறைய பாட்டுகளுக்கு கிட்டாரில் மூன்றே கார்ட். நாஷ்வில் கலைஞர்கள் அவற்றை ஒன்று, நான்கு, ஐந்து என எண்களாகவே எழுதுவார்கள். பாடகர் கடைசி நிமிடத்தில் சுருதியை மாற்றினாலும் தாளைத் திருத்த வேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஐந்து பேர் ஒத்திகை இல்லாமல் மேடை ஏறலாம். ஆனா, சுலபம்னு நினைச்சா போச்சு. பெடல் ஸ்டீல் கிட்டாருக்குக் கை, கால், முழங்கால் எல்லாம் வேண்டும். பாடுபவர் மூச்சு விடும் இடத்தில் அழுகிற மாதிரி ஓர் இழுப்பு, உடனே விலகிவிட வேண்டும். அந்த அடக்கம் வரத்தான் வருஷக்கணக்கு ஆகும்.

ரே பிரைஸே பின்னாளில் பாதை மாறினார். 1967-ல் வயலின் கூட்டத்தோடு 'டேனி பாய்' பாடினார். பழைய ரசிகர்களுக்குக் கோபம். அதுவும் அழகான பாட்டுதான். ஆனா, அதுக்கு டூ ஸ்டெப் ஆட முடியுமா?

ஸ்ட்ரீமிங்கில் இந்தப் பாட்டுகள் பத்திரமாக இருக்கும். நடனக்கூடங்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஒரு கூடம் மூடினால் ஸ்டீல் கிட்டார்காரரின் வார வருமானம் போகும், அவர் பக்கத்தில் நின்று தொழில் பழகும் இளைஞரின் இடமும் போகும். கன்ட்ரிக்குப் புதியவர்கள் அந்த 1956 பதிவிலிருந்தே தொடங்கலாம். முதல் தடவை குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் கேளுங்கள்.