பெயர் எழுதாத கதை

'விடுமுறையில் நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னால் என்ன செய்வீர்கள்? நோட்ஸைப் பார்த்து, 'முன்னுரை' என்று போட்டு, அடிக்கோடு போடுவீர்கள். ஐம்பது பேர் வகுப்பில் ஐம்பது பேரும் ஒரே ஊருக்குப் போய் வந்திருப்பீர்கள்!

உண்மையில் பாதிப் பேர் எங்குமே போயிருக்கமாட்டார்கள். ஒருவன் அப்பாவின் பஞ்சர் கடையில் உட்கார்ந்திருப்பான். ஒருத்தி கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்பாள். அதை யாரும் எழுதுவதில்லை. மார்க் வராது என்பது ஒரு பயம். மற்றவர்கள் சிரிப்பார்களே என்பது அதைவிடப் பெரிய பயம்.

இந்தப் பயத்தை ஒரு வகுப்பு தாண்டிக் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், லாங் பீச் என்ற கடற்கரை நகரம். அங்குள்ள வில்சன் உயர்நிலைப் பள்ளியில் 1994-இல் எரின் குருவெல் என்ற இளம் ஆசிரியை ஆங்கிலம் நடத்தினார். அறை எண் 203. கறுப்பர், வெள்ளையர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், கம்போடியக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஆனால் தனித்தனிக் கூட்டம்தான். 1992-இல் பக்கத்து நகரமான லாஸ் ஏஞ்சலிஸில் பெரிய கலவரம் நடந்திருந்தது. அந்தக் கசப்பு ஆறவில்லை.

குருவெல் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள், வகுப்பில் ஒரு காகிதம் கைமாறியது. வாங்கிப் பார்த்தார். கறுப்பின மாணவன் ஒருவனை, உதட்டைப் பெரிதாக்கிக் கேலிப்படம் வரைந்திருந்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் யூதர்களையும் இப்படித்தான் மூக்கைப் பெரிதாக்கி வரைந்தார்கள் என்றார். கடைசியில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்களே! மாணவர்கள் விழித்தார்கள். அநேகருக்கு அந்தப் படுகொலை பற்றித் தெரியவே தெரியாது.

அதன் பிறகு, ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரியைப் படிக்க வைத்தார். அவர்களையும் டைரி எழுதச் சொன்னார். வீட்டு வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்ததை ஒருவர் எழுதினார். நண்பனைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்ததை ஒருவர் எழுதினார். எழுத்துகள் குழம்புவதால் படிக்கத் திணறியதை இன்னொருவர் எழுதினார். இவற்றைத் தொகுத்தபோது யார் பெயரும் போடவில்லை, எண் மட்டும்தான். 1999-இல் அது புத்தகமானது. 2007-இல் சினிமாவும் வந்தது. 150 மாணவர்கள் சேர்ந்து எழுதிய புத்தகம் அது.

பெயர் போடாததுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்தது. பெயரைப் பார்த்தால், 'ஓ, அவனா!' என்று படிக்கும் முன்பே முடிவு கட்டிவிடுகிறோம். பெயர் இல்லாவிட்டால் கதையை முழுதாகக் கேட்டுத்தானே ஆகவேண்டும்? வீடு இழந்தவன் எந்தக் கூட்டத்துப் பையன் என்று தெரியாமலே மனம் கனத்துவிடும்.

'எங்கள் வகுப்பில் அப்படிச் சண்டையெல்லாம் இல்லையே' என்கிறீர்களா? சந்தோஷம். மதியச் சாப்பாட்டின்போது தனியாக உட்காருவது யார்? பட்டப்பெயர் சொல்லியே கூப்பிடுகிறீர்களே, அவன் நிஜப்பெயர் என்ன?

உங்கள் தமிழாசிரியரிடம் மாதம் ஒரு பீரியட் கேட்டுப் பாருங்கள். 'யாருக்கும் தெரியாத என் ஒரு நாள்' என்று தலைப்பு வைத்துக்கொள்ளலாம். சொல்ல விருப்பமில்லாததை எழுத வேண்டியதில்லை. அதில் கட்டாயமே கூடாது. பெயரும் வேண்டாம், ரோல் நம்பரும் வேண்டாம். ஆசிரியர் முதலில் தனியாகப் படித்துவிட்டு, பிறகு வகுப்பில் வாசிக்கட்டும். காகிதம் உங்கள் கைக்கு வந்தால், கையெழுத்தை வைத்துத் துப்பறியக் கிளம்பிவிடுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு!

அடிக்கோடும் வேண்டாம்.