பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாமா?

"புது வெர்ஷன் பிடிக்கவில்லை, பழையதையே போட்டுக் கொடு." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. மெனு இடம் மாறிவிட்டது, வேகம் குறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் அவசரப்படாதீர்கள்.

என் சித்தப்பா தன் மளிகைக் கடைக் கணக்கை ஒரு சாஃப்ட்வேரில் எழுதி வந்தார். புது வெர்ஷன் போட்டு மூன்று மாதம் கழித்து, பழையதே வசதி என்று அதை மீண்டும் இன்ஸ்டால் செய்தார். புரோகிராம் திறந்தது, கணக்கு திறக்கவில்லை. புது வெர்ஷன் முதல் நாளே அவருடைய பைலைத் தன் அமைப்புக்கு மாற்றி எழுதியிருந்தது. 'ரிப்பேர் செய்யவா?' என்று பழைய வெர்ஷன் கேட்க, இவரும் 'எஸ்' கொடுக்க, பைல் கெட்டே போனது. அதன்பின் புது வெர்ஷனாலும் அதைத் திறக்க முடியவில்லை. சித்தியும் அவரும் பில் புத்தகத்தைப் பார்த்து மூன்று மாதக் கணக்கையும் மறுபடி டைப் செய்தார்கள்.

இதில் என்னைப் போன்ற சாஃப்ட்வேர் இன்ஜினியர்களின் பங்கும் உண்டு. பழைய பைலைப் புதியதாக மாற்ற புரோகிராம் எழுதுகிறோம். புதியதைப் பழையதாக மாற்ற எழுதுவது அபூர்வம். அதைப் பயனாளரிடம் முன்கூட்டியே சொல்வதும் இல்லை. பயர்பாக்ஸ் பரவாயில்லை. 2019-ல் வந்த 67-ஆம் வெர்ஷனிலிருந்து, புது வெர்ஷனில் பயன்படுத்திய புரொஃபைலைப் பழைய வெர்ஷனில் திறக்க முயன்றால் தடுத்து எச்சரிக்கிறது. எல்லா சாஃப்ட்வேரும் இப்படிச் செய்ய வேண்டும்.

இன்னொரு ஆபத்து, அடைத்த ஓட்டைகள் மீண்டும் திறந்துகொள்ளும். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் அடைத்தது. மே மாதம் வானாகிரை வைரஸ் அதே ஓட்டை வழியாக, அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்களில் புகுந்து பைல்களைப் பூட்டியது. பழைய வெர்ஷனுக்குப் போகிறவர், தெரியாமலே அந்த வரிசையில் போய் நிற்கிறார்.

திரும்பியே ஆக வேண்டுமா? முதலில் உங்கள் பைல்களை பென் டிரைவில் காப்பி எடுங்கள். பழைய வெர்ஷனில், அதில் எடுத்த பழைய பேக்கப்பை மட்டும் திறந்து பாருங்கள். எது கேட்டாலும் படிக்காமல் 'எஸ்' கொடுக்காதீர்கள். புரோகிராமை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இன்ஸ்டால் செய்யலாம். உங்கள் உழைப்பை அப்படி இன்ஸ்டால் செய்ய முடியாது.