நாடாப்புழுவுக்கு உணர்வுறுப்புகள் இல்லை என்னும் பாடம்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் புழங்கும் விலங்கியல் பாடநூல்கள் பலவற்றில், நாடாப்புழு இயலின் இறுதியில் ஒட்டுண்ணித் தகவமைப்புகள் என்றொரு பகுதி வரும். உணவுக்குழல் இல்லை, இடப்பெயர்ச்சி உறுப்புகள் இல்லை, உணர்வுறுப்புகள் இல்லை என்று அது இழவுக்கணக்குப் போல நீளும். முதலிரண்டில் வழக்கில்லை. மூன்றாவது பிழை, அதுவும் அரை நூற்றாண்டுப் பழமையான பிழை.

இந்த 'இல்லை' ஆய்வகத்தில் மட்டும் பிறந்ததன்று. 1880இல் ரே லங்கெஸ்டர் 'சீரழிவு' என்ற தலைப்பில் ஒரு சிறு நூல் எழுதினார். எளிதாக உணவும் பாதுகாப்பும் பெறும் உயிர் தாழ்ந்துபோகும் என்ற அவர், திடீர்ச் செல்வத்தால் கெடும் மனிதனையும் பண்டைய ரோமையும் உவமையாகக் காட்டினார். விக்டோரியக் காலத்து அறவுரை விலங்கியலின் உடையை அணிந்துகொண்டது. நம் பாடநூல்கள் அறவுரையைக் கைவிட்டன. அதன் முடிவை மட்டும் வைத்துக்கொண்டன.

ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. நாடாப்புழுவின் உணர்குற்றிழையின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவே. போதாததற்கு, உடற்பரப்பை மூடியிருக்கும் நுண்முடிகளுக்கிடையே அது ஒளிந்து நிற்கிறது. கருவி காணாததை உயிரிடம் இல்லாததாக எழுதிவிட்டோம். மேற்பரப்பை உயிரற்ற 'கியூட்டிக்கிள்' என்று அழைத்ததும் இதே கதைதான். அது உயிருள்ள படலம் என்பதை 1962இல் த்ரெட்கோல்டு மின்னணு நுண்ணோக்கியால் காட்டினார்.

அக்கருவியின் கீழ் ஒரு லார்வாவின் தலைப்பகுதி வேறு காட்சி தருகிறது. செல் எல்லைகளற்ற புறப்படலத்தைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து ஒரு நரம்பு நீட்சி மேலேறுகிறது. நுனி குமிழ்போல் பருத்திருக்கிறது; உள்ளே நுண்பைகள். கசிவில்லாத இணைப்பொன்று குமிழைப் படலத்தோடு சுற்றிலும் பிணைக்கிறது. உட்புறம் அடர்ந்த வளையங்கள் அதைத் தாங்குகின்றன. குமிழின் உச்சியிலிருந்து குற்றிழை வெளியே நீள்கிறது. குற்றிழையே இல்லாத உணர்முனைகளும் உண்டு. வடபசிபிக் மீன்களிலும் கணவாய்களிலும் லார்வாவாக வாழ்ந்து சுறாவில் முதிரும் நைபிலினியா சுர்மெனிகோலா குறித்து 2016இல் வந்த ஆய்வுக் கட்டுரையொன்று, உணர்வுறுப்புகள் எங்கே என்று தலைப்பிலேயே கேட்கிறது. உண்டா என்று கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்தாரும் தப்பமுடியாது. வடிவத்தை மட்டும் பார்த்து, இது தொடுவுணர்வி, இது வேதியுணர்வி என்று பெயரிடும் அவசரம் ஆய்விதழ்களிலும் உண்டு. உறைந்த மெல்லிய வெட்டில் அமைப்பு தெரியும். அது எதை உணர்ந்தது என்பது தெரியாது.

பட்டப்படிப்புக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பார்கள். டீனியா சோலியத்தின் லார்வா மூளையில் தங்கினால் வலிப்பு வரும். அந்நோய் இந்தியாவுக்குப் புதிதன்று. அதே லார்வா பன்றித் தசையில் தலையை உள்ளே மடித்துக் காத்திருக்கும். மனிதக் குடலை அடைந்து பித்தநீர் பட்டதும் தலையை வெளியே நீட்டும். இந்த மாற்றத்தில் உணர்முனைகளுக்குப் பங்குண்டா? எந்த முனைக்கு? 'இல்லை' என்று படித்துத் தேறிய மாணவருக்கு இக்கேள்வி எழவே வழியில்லை. தேர்வில் அவர் 'உண்டு' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

திருத்தம் பெரிதன்று. கண் போன்ற கூட்டுறுப்புகள் இல்லை, புறப்படலத்தில் உணர்முனைகள் உண்டு, அவற்றின் பணி பெரும்பாலும் நிறுவப்படவில்லை: அடுத்த பதிப்பில் இந்த ஒரு வரி போதும்.